பட்டை வண்டின் மேல் ஒரு புதிய சிலந்திப்பேன்: ‘புதிய சிற்றினம்’ என்றால் உண்மையில் என்ன?

“பட்டை வண்டோடு வாழும் புதிய சிலந்திப்பேன் கண்டுபிடிப்பு” என்ற மாதிரியான செய்திகள் அறிவியல் பக்கங்களில் அவ்வப்போது தலைகாட்டும். படித்ததும் மூன்று கேள்விகள் எழும். இத்தனை நாள் இது எங்கே இருந்தது? மரத்துக்கு நல்லதா, கெட்டதா? கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒன்றுக்கு லத்தீன் பெயர் சூட்டி என்ன ஆகப்போகிறது?

முதல் கேள்விக்குப் பதில் எளிது. அது அங்கேயேதான் இருந்தது; பெயர்தான் புதிது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் பெயர் வைத்தவருக்கே விடை தெரியாது. அதை அவர் மறைப்பதில்லை, செய்தி எழுதுபவர்தான் விட்டுவிடுகிறார். மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல, வண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

## பட்டை வண்டு யார், சிலந்திப்பேன் யார்

தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டு நமக்குத் தெரியும். பட்டை வண்டுகள் அதற்கு ஒன்றுவிட்ட உறவு. ஆனால் உருவத்தில் பெரும்பாலானவை அரிசிமணியைவிடச் சிறியவை. உலகம் முழுக்கச் சுமார் 6,000 சிற்றினங்கள் உண்டு. இலையில் செய்த சர்க்கரை கீழே இறங்கும் உட்பட்டைதான் பலவற்றுக்கு வீடு. தாய் வண்டு அங்கே ஒரு சுரங்கம் தோண்டி இருபக்கமும் முட்டையிடும்; புழுக்கள் அதிலிருந்து கிளைக்கிளையாகக் குடைந்துகொண்டே போகும். பட்டையை உரித்துப் பார்த்தால் அச்சடித்த வரிகள் போலிருக்கும். 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட ஐரோப்பிய ஸ்புரூஸ் வண்டின் இன்றைய பெயர் இப்ஸ் டைப்போகிராஃபஸ். ‘அச்சுக்காரர்’ என்று பொருள்.

குளிர்நாட்டு விவகாரம் என்று ஒதுக்கவும் முடியாது. 1990-இல் நீலகிரி மாவட்டம் கூடலூரில் இந்தியாவிலேயே முதல்முறையாகப் பிடிபட்ட காப்பிக் காய்த் துளைப்பான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ‘ஷாட் ஹோல் போரர்’ என்று சொல்லப்படும் தண்டுத் துளைப்பானும் அப்படியே.

இனி சிலந்திப்பேன். இது பேனும் அல்ல, பூச்சியும் அல்ல. சிலந்தி, தேள் வகுப்பைச் சேர்ந்தது. முட்டையிலிருந்து வரும்போது ஆறு கால், வளர்ந்ததும் எட்டு. (1998-இல் கேரளத்தில் முதலில் தெரியவந்து தமிழ்நாட்டுத் தென்னைகளையும் பாடாய்ப் படுத்திய ஈரியோபைட் சிலந்தி இந்தக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு: அதற்கு ஆயுள் முழுக்க நான்கே கால்.) இதுவரை 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட சிலந்திப்பேன் சிற்றினங்களுக்குப் பெயர் வைத்தாயிற்று, பெயரில்லாமல் இருப்பவை அதைவிடப் பல மடங்கு என்பது பொதுவான கருத்து. ஆகவே ‘புதிய சிற்றினம்’ என்பது இந்தத் துறையில் அதிசயமே அல்ல. தேடினால் கிடைக்கும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. அமெரிக்க வனத்துறையின் ஜான் மோசர், ரோட்டன் என்பவரோடு சேர்ந்து லூசியானா மாநிலத்தின் ஆலன் பாரிஷ் என்ற ஒரே பகுதியில், தென்பகுதிப் பைன்களைத் தாக்கும் பட்டை வண்டுகளோடு வாழும் சிலந்திப்பேன்களைத் திரட்டி 1971-இல் வெளியிட்டார். ஒரு வட்டாரத்துப் பைன் மரங்கள், 96 சிற்றினங்கள்.

## வண்டு என்ற பேருந்து

செத்த மரத்தின் பட்டைக்கடியில் வாழ்க்கை சுகமானதுதான், ஆனால் நிரந்தரமில்லை. ஈரம் வற்றும், பூஞ்சை தீரும், வண்டுகள் பறந்து போய்விடும். சிறகில்லாத சிலந்திப்பேன் அடுத்த மரத்துக்குப் போக ஒரே வழி, புறப்படும் வண்டின் மேல் ஏறிக்கொள்வது. இப்படித் தொற்றிப் பயணம் போவதை ஃபொரெசி என்பார்கள். பயணத்தில் வண்டை உறிஞ்சுவதில்லை, தொற்றிக்கொள்வது மட்டும்தான். டிக்கெட் எடுக்காத பயணி, அவ்வளவே.

ஏறும் முறையில்தான் சுவாரசியம். யூரோபோடா கூட்டத்து இளம் சிலந்திப்பேன் தன் கழிவாய்ப் பக்கத்திலிருந்து ஒரு பசையைச் சுரக்கும். அது இறுகிக் காம்பாகி, காம்பின் நுனியில் காய் மாதிரி வண்டின் உடம்பில் தொங்கும். ஹிஸ்டியோஸ்டோமா பேரினத்தின் பயணப் பருவத்துக்கு உண்ணும் வாயே கிடையாது, அடிவயிற்றில் ஒட்டுறிஞ்சித் தட்டு இருக்கும்: சாப்பாடு இறங்கிய பிறகுதான். பராலியஸ் லியான்டோனிகஸ் பெரிய கொக்கி நகங்களால் வண்டின் மயிரைப் பற்றிக்கொள்ளும். அந்தப் பெயருக்கே ‘சிங்க நகம்’ என்று பொருள். இன்னும் சில, வண்டின் கெட்டியான மேல் சிறகுக்கடியில் புகுந்து நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்ளும்.

இறங்கிய பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிழைப்பு. ஐபோனீமஸ் என்ற சிலந்திப்பேன், வண்டின் முட்டையை உறிஞ்சும். சில, நூற்புழுக்களைத் தின்னும். பல, பூஞ்சை மேய்ப்பவை. வண்டுக்குச் சிலது எதிரி, சிலது வெறும் சகபயணி, சிலது சுற்றிவளைத்து எதிரி. எது எது என்று பேச வேண்டுமானால், முதலில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறிக்கப் பெயர் வேண்டும்.

## ஒரு வண்டிலிருந்து ஒரு பெயர் வரை

டார்சோனீமஸ் பேரினத்துப் பெண் சிலந்திப்பேன் 0.2 மில்லிமீட்டரை ஒட்டிய நீளம். ஒரு கடுகின் குறுக்களவில் எட்டு, பத்தை வரிசையாக நிறுத்தலாம். இந்த அளவிலுள்ள ஒன்றைப் ‘பார்ப்பது’ என்பதே ஒரு தனி வேலை.

1. வண்டைத் தனித்தனியே பிடிப்பது. வண்டின் மணத்தூண்டி வைத்த புனல்பொறியில் வண்டுகள் விழும். எல்லாவற்றையும் ஒரே குப்பியில் போட்டால் சிலந்திப்பேன்கள் உதிர்ந்து கலந்துவிடும். எது எந்த வண்டில் வந்தது என்பது என்றென்றைக்கும் போயிற்று. ஒரு வண்டுக்கு ஒரு குப்பி என்பதே கவனமான வழி. எந்த மரம், வண்டின் எந்தப் பாகம், சிறகடியா, மார்பா, காலடியா என்பதையும் அப்போதே எழுத வேண்டும்.

2. உடம்பைத் தெளியவைப்பது. நுண்ணோக்கியில் ஒளி ஊடுருவ வேண்டும். லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்தால் உள்சதை கரைந்து, கண்ணாடித் துணி மாதிரி தோல் மட்டும் நிற்கும்.

3. கண்ணாடிச் சில்லில் ஏற்றுவது. கருவேலப் பிசின் வகையைச் சேர்ந்த கம் அரபிக், குளோரல் ஹைட்ரேட், கிளிசரின், தண்ணீர் கலந்த ஹோயர் திரவத்தில் ஒரு துளி. மெல்லிய ஊசி முனையில் எடுத்த சிலந்திப்பேனை அதற்குள் இறக்கி, கால்கள் விரிந்து நிற்கும்படி சரிசெய்து, மேலே மூடுசில்லை வைத்து, இளஞ்சூட்டில் சில நாள் உலர விடுவார்கள். கை கொஞ்சம் அழுந்தினால் உடம்பு நசுங்கும், அளவுகள் பொய்யாகும்.

4. மயிர் எண்ணுவது. வகைப்பாட்டின் உயிர்நாடி இங்கேதான். முதுகிலும் வயிற்றிலும் காலிலும் எந்த மயிர் எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், வழவழப்பா முள்முள்ளா என்பதை மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அளப்பார்கள். ஒவ்வொரு மயிருக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த முகவரி உண்டு. ஒரு வரிசையின் உள்மயிர் வெளிமயிரைவிட இரண்டு மடங்கு நீளமா, சமமா என்பது ஒரு சிற்றினத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கப் போதுமானதாக இருக்கலாம்.

5. ஒப்பிடுவது. அதே பேரினத்தில் ஏற்கெனவே பெயர் பெற்ற எல்லாவற்றோடும். படத்தோடும் வருணனையோடும் மட்டுமல்ல. சந்தேகம் வந்தால் அருங்காட்சியகத்திலிருக்கும் மூலச் சில்லையே வரவழைத்துப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் நேரத்தை விழுங்குவது இந்தக் கட்டம்தான்.

இப்போது மரபணுவும் சேர்ந்துகொண்டிருக்கிறது. உடம்பைச் சிதைக்காமல் டிஎன்ஏவை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத் தோலைச் சில்லில் ஏற்றும் முறை உண்டு. அதனால் ஒரே உயிரிக்கு டிஎன்ஏ வரிசையும் உருவமும் இரண்டும் பதிவாகும்.

## சட்டம் கேட்பது என்ன

விலங்குகளுக்குப் பெயரிட ஒரு சர்வதேச விதித்தொகுப்பு இருக்கிறது. அதன் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. புதுப்பெயர் செல்லுபடியாக அது கேட்பவற்றில் நமக்கு வேண்டியவை இவை:

1. மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதைச் சொற்களில் எழுத வேண்டும். 1930-க்குப் பிந்தைய பெயர்களுக்கு இது கட்டாயம். படம் மட்டும் போதாது.
2. ‘இது புதிய சிற்றினம்’ என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.
3. பெயரைத் தாங்கும் மாதிரியைக் குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்றும் சொல்ல வேண்டும். ஒற்றை மாதிரியானால் அதற்கு ஹோலோடைப் என்று பெயர். கூட வைக்கும் மற்ற மாதிரிகள் பாராடைப்.
4. மின்னிதழில் மட்டும் வெளியிட்டால் ஸூபேங்க் என்ற பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். 2012-இல் வந்த திருத்தம் இது.

மூன்றாவதுதான் அடித்தளம். சட்டத்தின் கண்ணில், பெயர் ஒட்டியிருப்பது வருணனையோடு அல்ல, அந்த ஒரு சில்லோடு. வருணனையில் பிழை இருக்கலாம், படம் கோணலாக இருக்கலாம். சில்லு இருக்கிறவரை இன்னொருவர் எடுத்துப் பார்த்துத் திருத்தலாம். ‘இது தனிச் சிற்றினம்’ என்பது தீர்ப்பல்ல, ஒரு வாதம். சில்லு அதற்குச் சாட்சி. சட்டம் பார்ப்பது பெயர் முறைப்படி வைக்கப்பட்டதா என்பதை மட்டும்தான். வாதம் சரியா என்பதை அல்ல. செய்திகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போகிறது.

## ஏமாறும் இடங்கள்

பட்டை வண்டுச் சிலந்திப்பேன்களில் ஏமாற வாய்ப்புகள் மற்ற கூட்டங்களைவிட அதிகம்.

பருவம் முதல் பொறி. வாயில்லாத அந்தப் பயணப் பருவம், தாய்தந்தையைப் போலத் துளியும் இருக்காது. 19-ஆம் நூற்றாண்டில் இத்தகையவற்றை ஹைப்போபஸ் என்று ஒரு தனிப் பேரினமாகவே வைத்திருந்தார்கள். வேறு சிலந்திப்பேன்களின் இளம்பருவம்தான் அது என்று பின்னால்தான் தெளிவானது. பிள்ளைக்கு ஒரு பெயர், பெற்றோருக்கு ஒரு பெயர்.

பெண்ணிலேயே இரண்டு உருவம் இருப்பது அடுத்தது. பையமோட்டஸ் பேரினத்தில் பட்டை வண்டுகளோடு வாழும் சிலவற்றில், ஒரே தாய்க்குப் பிறந்த மகள்களில் சிலர் சாதாரணமாகவும் சிலர் பெரிய நகங்களோடு பயணத்துக்கென்றே செய்ததுபோலவும் இருப்பார்கள். 1975-இல் மோசரும் கிராஸும் இந்த இரண்டாவது உருவத்துக்கு ஃபொரெட்டோமார்ஃப் என்று பெயரிட்டார்கள். வண்டின் மேலிருந்து ஒன்றையும் பட்டைக்கடியிலிருந்து ஒன்றையும் எடுத்து அருகருகே வைத்தால், இரண்டு சிற்றினம் என்று சத்தியம் செய்யத் தோன்றும். வளர்த்துப் பார்க்காமல் இது தெரியாது. இந்தப் பேரினத்தில் ஆண்கள் தாயின் வயிற்றருகிலேயே காத்திருந்து, பிறக்கும் சகோதரிகளோடு இணைவார்கள். அதனால் பறக்கும் வண்டில் ஆணைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. பல வருணனைகளில் ‘ஆண் தெரியவில்லை’ என்ற வரி இருப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல.

மூன்றாவது, எதிர்த்திசையில் வரும் பிழை: பலவற்றை ஒன்றாக எண்ணுவது. மேலே சொன்ன சிங்க நகக்காரர் பராலியஸ் லியான்டோனிகஸ், பெர்லேசே 1910-இல் பெயரிட்டது. பல வகைப் பட்டை வண்டுகளில் தொற்றும் ஒரே சிற்றினம் என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆய்வாளர்கள் 2020-இல் மரபணுவைப் பார்த்தபோது, அந்த ஒற்றைப் பெயருக்குள் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் பல தனிப் பரம்பரைகள் ஒளிந்திருந்தன.

## 1969-இல் பெயர், 1985-இல் பை

பெயர் வைத்து என்ன ஆகும் என்ற கேள்விக்கு நேரான பதில், அமெரிக்காவின் தென்பகுதிப் பைன் வண்டான டென்ட்ராக்டோனஸ் ஃப்ரன்டாலிஸின் கதையில் இருக்கிறது.

1969-இல் கனடாவின் எவர்ட் லிண்ட்குவிஸ்ட் டார்சோனீமஸ் இப்ஸ் என்ற சிலந்திப்பேனுக்குப் பெயரிட்டார். 1974-இல் ஸ்மைலியும் மோசரும் டார்சோனீமஸ் கிராண்ட்ஸியைச் சேர்த்தார்கள். அப்போதைக்கு இவை மயிர் நீளங்களும் படங்களும் மட்டுமே. 1985-இல்தான் மோசர், இவற்றின் பெண்களில் முதுகுத்தகட்டின் மடிப்பு ஒரு பைபோல அமைந்திருப்பதையும், அதற்குள் பூஞ்சையின் வித்துகள் அடைந்திருப்பதையும் எழுதினார். அந்தப் பூஞ்சை ஒஃபியோஸ்டோமா மைனஸ், மரத்தை நீலமாக்கும் நீலக்கறைப் பூஞ்சை.

இதன் பொருள் படிப்படியாகத் துலங்கியது:

1. வண்டு தன் உடம்பிலுள்ள ஒரு சிறப்புப் பையில் தனக்கு வேண்டிய பூஞ்சைகளைச் சுமந்துவந்து மரத்தில் விதைக்கிறது. அதன் புழுக்கள் அந்தப் பூஞ்சையைத் தின்றுதான் வளர்கின்றன.
2. அதே வண்டின் மேல் வரும் டார்சோனீமஸ், தனக்கு உணவான நீலக்கறைப் பூஞ்சையைத் தன் பையில் கொண்டுவந்து அதே மரத்தில் விதைக்கிறது.
3. நீலக்கறை பரவிய இடத்தில் வண்டின் பூஞ்சைக்கு இடமில்லை. புழுக்கள் நீண்டு வளைந்து குடைந்தும் சரியாக வளராமல் சாகின்றன.
4. சிலந்திப்பேன் பெருகினால் நீலக்கறை பெருகும், வண்டின் அடுத்த தலைமுறை சுருங்கும்.

வண்டைக் கடிக்காமல், முட்டையைத் தொடாமல், பயணியாக மட்டும் வந்த ஒன்று வண்டின் எண்ணிக்கையை இறக்குகிறது! (வண்டும் சும்மா இல்லை: நீலக்கறையை அடக்கி, தன் பூஞ்சையை விட்டுவைக்கும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லியைத் தயாரிக்கும் பாக்டீரியம் அதனிடம் இருப்பது 2008-இல் வெளியானது.)

இப்போது ஐரோப்பிய எல்ம் மரத்துக்கு வாருங்கள். எல்ம் மரங்களைக் கொத்துக்கொத்தாகச் சாய்த்த டச்சு எல்ம் நோய்க்கு இன்று முக்கியக் காரணம் ஒஃபியோஸ்டோமா நோவோ-உல்மி என்ற பூஞ்சை. வண்டுதான் அதைப் பரப்புகிறது என்பது பாடப்புத்தகச் செய்தி. மோசரும் ஆஸ்திரியச் சகாக்களும் 2010-இல், எல்ம் வண்டுகளின் மேல் வரும் டார்சோனீமஸ் க்ராசஸ், புரோக்டோலேலாப்ஸ் ஸ்கோலிட்டி ஆகிய சிலந்திப்பேன்களும் அந்தப் பூஞ்சையின் வித்துகளை ஏராளமாகச் சுமப்பதைக் காட்டினார்கள். ஒரே டார்சோனீமஸ் பேரினம்: பைனில் வண்டுக்கு இடைஞ்சல், எல்மில் நோய்க்குத் துணையாக இருக்கக்கூடியது. ‘டார்சோனீமஸ் வகை ஏதோ ஒன்று’ என்று குறித்துவிட்டுப் போனால் இந்த இரண்டும் ஒரே பெட்டியில் விழும்.

## பெயர் தவறினால்

தேனீ வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1904-இல் ஔடெமன்ஸ் ஜாவாவில் கிடைத்த ஒரு சிலந்திப்பேனுக்கு வரோவா ஜேக்கப்சோனி என்று பெயரிட்டார். பின்னாளில் ஐரோப்பியத் தேனீக்களை அழித்துவந்ததும் அதுவே என்று பல பத்தாண்டுகள் எழுதினார்கள். 2000-இல் ஆண்டர்சனும் ட்ரூமனும், அழிப்பது வேறொன்று என்று காட்டி அதற்கு வரோவா டெஸ்ட்ரக்டர் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆய்வுகளில் ‘ஜேக்கப்சோனி’ என்று இருந்தால், எதைச் சொல்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட வேண்டியதாயிற்று.

பட்டை வண்டுகளிலேயே ஓர் எடுத்துக்காட்டு, அதுவும் இலங்கையோடு தொடர்புடையது. ஐக்ஹாஃப் 1868-இல் இலங்கை வண்டு ஒன்றுக்கு வைத்த பெயர் இன்று யூவல்லேசியா ஃபோர்னிகேட்டஸ். தேயிலைத் துளைப்பானை அந்தப் பெயரில்தான் எல்லோரும் அழைத்தார்கள். இஸ்ரேலிலும் கலிஃபோர்னியாவிலும் அவகாடோ முதலிய மரங்களை ஒத்த வண்டு தாக்கியபோது, அதுவும் தேயிலை வண்டே என்று முதலில் நினைத்தார்கள். மரபணு, ஒன்றல்ல பல சிற்றினங்கள் என்றது. சரி, ஃபோர்னிகேட்டஸ் என்ற பழைய பெயர் இவற்றில் யாருக்குச் சொந்தம்? அதைத் தீர்த்தது அந்த 19-ஆம் நூற்றாண்டு மூல மாதிரி. 2019-இல் அளவுகளை ஒப்பிட்டபோது பெயர் கலிஃபோர்னியாவில் மரங்களைத் தாக்கிய வண்டுக்குப் போயிற்று. தேயிலையில் வாழ்பவை பெர்பிரெவிஸ் உள்ளிட்ட வேறு பெயர்களின் கீழ் வந்தன. தோட்டக்காரருக்கு எரிச்சல்தான். ஆனால் எந்த வண்டு எந்தப் பூஞ்சையைக் கொண்டுவருகிறது என்பது இப்போதுதான் சரியாகப் பிரிகிறது.

சரக்குப் பெட்டி மரங்களையும் மறக்கக் கூடாது. ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி, சூடேற்றும் முறையில் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும். விதி மீறப்பட்டு ஒரு வண்டு துறைமுகத்தில் இறங்கினால், அதன் சிறகடியிலுள்ளவையும் இறங்கும். சோதனைச் சாவடியில் ‘இது இங்கே ஏற்கெனவே உள்ளதா, புதிதாக வந்ததா’ என்று சொல்ல, பெயரிட்ட சில்லுகள் எங்காவது இருக்க வேண்டும்.

## அடுத்த முறை அந்தச் செய்தியைப் படிக்கும்போது

1. எத்தனை மாதிரி, எந்தப் பருவம்? ஒரே வண்டிலிருந்து எடுத்த இரண்டு பெண்களை மட்டும் வைத்து எழுதியதற்கும், இருபாலும் இளம்பருவமும் கொண்டதற்கும் எடை வேறு. முதலாவதும் செல்லும், ஆனால் பின்னால் மாற வாய்ப்பு அதிகம்.
2. எந்த வண்டு, எந்த மரம், உடம்பின் எங்கே? இந்த ஒற்றை வரி இல்லாவிட்டால் பாதி மதிப்பு போயிற்று.
3. ‘வண்டைக் கட்டுப்படுத்தும்’ என்று செய்தி சொல்கிறதா? சிற்றின வருணனைக் கட்டுரை அதை நிரூபிப்பதில்லை. வண்டின் மேல் இருந்தது என்பது வரைதான் அதன் சாட்சியம். டார்சோனீமஸ் இப்ஸுக்குப் பெயருக்கும் பைக்கும் இடையில் 16 ஆண்டு ஆயிற்று.
4. ஹோலோடைப் எங்கே வைக்கப்பட்டது? ஹோயர் திரவம் ஆண்டுகள் செல்லச் செல்லப் படிகமாகி, உள்ளே இருக்கும் உடம்பை மறைத்துவிடும். அப்போது மூடுசில்லைக் கவனமாகப் பிரித்து, கழுவி, மறுபடி ஏற்ற ஆள் வேண்டும். அதற்குக் கைப்பழக்கம் உள்ளவர்கள் வேலை பார்க்கும் சேகரிப்பா என்று பாருங்கள்.